தண்ணிக்குள்ள போன ஊர்: தாய்லாந்து எல்லையில் சங்க்லபுரி கதை

கோடையில் ஏரித் தண்ணீர் வற்றினால், அந்தப் பழைய புத்தர் கோயிலுக்குள் நடந்தே போகலாம். மழைக்காலத்தில் படகுதான். சுற்றுலா வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அது முழுகிப்போன ஓர் ஊரின் மிச்சம்.

தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில், மியான்மர் எல்லையை ஒட்டிய மலைக்காட்டு மாவட்டம் சங்க்லபுரி. எல்லையில் இருப்பது ‘மூன்று பகோடா கணவாய்’. பர்மா - சயாம் போர்களில் படைகள் வந்த வழி அது. 1942-43இல் ஜப்பான் ராணுவம் போட்ட 415 கி.மீ. ‘மரண ரயில் பாதை’யும் இதன் வழியாகத்தான் பர்மாவுக்குள் நுழைந்தது. மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போன பாதை. போருக்குப் பின் எல்லைப் பக்கத் தண்டவாளத்தைப் பிரித்துவிட்டார்கள். இப்போது ரயில் நாம் தோக் வரைதான்.

சரி, ஊர் ஏன் முழுகியது? 1984இல் கட்டி முடிந்த காவ் லேம் அணை. மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் இருந்த பழைய ஊர் அப்படியே நீருக்குள் போனது.

வீடு போனால் மாற்று இடம் கேட்கலாம். ஆனால் பர்மாவிலிருந்து தப்பி வந்த மோன் இன மக்களில் பலருக்குக் குடியுரிமையே இல்லை. குடியுரிமை இல்லாதவர் பெயரில் நிலம் பதிய முடியாது. கடைசியில் அவர்களுக்கு இடம் கொடுத்தது கோயில்தான். லுவாங் போ உத்தமா என்ற மோன் துறவி முன்நின்று கோயில் நிலத்தில் குடியமர்த்தினார். அக்கரையில் தாய் மக்கள், இக்கரையில் மோன் மக்கள். நடுவில் ஊர்க்காரர்கள் கட்டிய நீண்ட மரப்பாலம். 2013 வெள்ளத்தில் அது உடைந்தது, அடுத்த வருஷமே சரிசெய்தார்கள்.

குடியுரிமைச் சிக்கல் மட்டும் அவ்வளவு சீக்கிரம் சரியாகவில்லை. பிறப்புப் பதிவு, வீட்டுப் பதிவேடு, அடையாள அட்டை எல்லாமே மாவட்ட அலுவலகத்தில்தான். அதன் தலைவர் ‘நாய் அம்ஃபோ’ (சிரிக்காதீங்க, தாய் மொழியில் ‘நாய்’ மரியாதைச் சொல்). மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர் இல்லை, உள்துறை அமைச்சகம் அனுப்புகிறவர். கிராமத் தலைவரைத்தான் ஊர் தேர்ந்தெடுக்கும். ஓட்டு இல்லாதவருக்கு அதிலும் பங்கில்லை. அட்டை இல்லாதவர் வேலைக்காக மாகாணம் தாண்டவே ரொம்ப காலம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

2024 அக்டோபரில் தாய்லாந்து அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. நாடு முழுக்க சுமார் 4.8 லட்சம் பேருக்கு நிரந்தர வசிப்புரிமை அல்லது குடியுரிமை தரும் வேலையை வேகப்படுத்துவது. நீண்ட காலமாக வசிப்பவர்களுக்கு வசிப்புரிமை, இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை. பாலத்துக்கு இக்கரையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தோடு ஏற வேண்டியதும் அதே மாவட்ட அலுவலகப் படிதான்.