விண்டோஸுக்கு முன்னால் விழிப்பது யார்? லேப்டாப்பின் முதல் சில விநாடிகளும் ஒரு சென்னைத் தொடர்பும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ஸ்ரீபெரும்புதூரில், 2007-ல் தொடங்கப்பட்ட டெல் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தயாரான லேப்டாப்போ, வேறு எந்த பிராண்டோ, பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப்பில் எழுதிவைத்த புரோகிராம்தான் முதலில் விழிக்கிறது.

இதைத்தான் ‘பயாஸ்’ என்கிறோம். இப்போதைய கம்ப்யூட்டர்களில் இருப்பது அதன் புதிய வடிவமான யு.இ.எஃப்.ஐ. என்றாலும், சர்வீஸ் கடைகளில் இன்னும் பயாஸ் என்ற பெயர்தான் புழக்கத்தில் உள்ளது.

இதற்கு ஏன் தனி சிப்?

புரோகிராம்கள் ஓடும் இடம் ரேம். ஆனால் கரண்ட் போனால் ரேமில் இருப்பது மொத்தமும் அழிந்துவிடும். அதாவது, ஆன் செய்யும் நொடியில் ரேம் காலி. விண்டோஸ் பத்திரமாக எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறது. ஆனால் எஸ்.எஸ்.டி.யை எப்படிப் படிப்பது என்று பிராசஸருக்கு அப்போது தெரியாது. அதைச் சொல்லித்தர ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமை யார் கொண்டுவந்து தருவது?

கோழியா முட்டையா கதைதான். 1975-ல் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரில் மனிதர்களே இதற்கு விடையாக இருந்தார்கள். முன்பக்க சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, முதல் கட்டளைகளைக் கையாலேயே உள்ளே ஏற்றினார்கள். பிறகு அந்தக் கட்டளைகளை, கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத சிப்பிலேயே எழுதிவைத்தார்கள். 1981-ல் வெளியான ஐ.பி.எம். பி.சி.யில் பயாஸ் ஒரு ரோம் சிப்பில் இருந்தது. இன்று அந்த இடத்தில் ஃப்ளாஷ் சிப்.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

மின்சாரம் சீரானதும் பிராசஸர் விழிக்கும். எந்த முகவரிக்குப் போய் முதல் கட்டளையைப் படிக்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே முடிவான விஷயம். இன்டெல், ஏ.எம்.டி. வகை கம்ப்யூட்டர்களில் அந்த முகவரி ஃப்ளாஷ் சிப்பில் இருக்கும் கோடைக் காட்டும்.

அடுத்த சவால் ரேம். அது மதர்போர்டில் செருகியிருந்தாலும் உடனே வேலைக்கு ஆகாது. எவ்வளவு ரேம், என்ன வேகம் என்று பார்த்து அதைத் தயார்செய்ய வேண்டும். அதுவரை பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கேஷ் மெமரியையே பல சிஸ்டம்கள் ரேம் போலப் பயன்படுத்திச் சமாளிக்கின்றன.

பிறகு டிஸ்பிளே, கீபோர்டு, எஸ்.எஸ்.டி. எல்லாம் சரியா என்று ஒரு ‘அட்டென்டன்ஸ்’. கம்பெனி லோகோ தெரிவது இந்த நேரத்தில்தான். கடைசியாக எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் பூட் லோடரைத் தேடிப்பிடித்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். விண்டோஸோ லினக்ஸோ மேடையேறுவது அதன் பிறகே.

சென்னைக்கு என்ன தொடர்பு?

பழைய கம்ப்யூட்டர்களில் ஆன் செய்ததும் ‘அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்’ என்று திரையில் வரும். நினைவிருக்கிறதா? 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த ஏ.எம்.ஐ. நிறுவனத்தின் நிறுவனர்கள் சுப்ரமணியன் சங்கர், பேட் சர்மா ஆகிய இருவர். சங்கர் சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர். ஏ.எம்.ஐ.யின் ஆரம்பகால மதர்போர்டு வாடிக்கையாளர் ‘பி.சி.ஸ் லிமிடெட்’. அதுதான் பின்னாளில் டெல் ஆனது. ஏ.எம்.ஐ.க்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

ஆபத்து எங்கே?

பழைய ரோம் சிப்பில் ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். ஃப்ளாஷ் சிப்பில் அழித்து எழுதலாம். அதனால்தான் பயாஸ் அப்டேட் சாத்தியமானது. கூடவே ஆபத்தும் வந்தது.

1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.ஹெச். என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பல கம்ப்யூட்டர்களில் வேலையைக் காட்டியது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை அழித்ததோடு, வாய்ப்பு கிடைத்த இடங்களில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. முதல் கட்டளையே இல்லாமல் போனால் கம்ப்யூட்டர் எப்படி ஆன் ஆகும்?

பூட் ஆகும் கட்டத்துக்கான இன்றைய காவல் ‘செக்யூர் பூட்’. நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பூட் லோடரை மட்டுமே உள்ளே விடும். அதிலும் ஓட்டை விழுந்தது. மாதிரிக்காக ஏ.எம்.ஐ. கொடுத்த, பெயரிலேயே ‘நம்ப வேண்டாம்’ என்று குறிக்கப்பட்ட சாவிகளை மாற்றாமலேயே பல தயாரிப்பாளர்கள் கம்ப்யூட்டர்களை விற்றது 2024 ஜூலையில் தெரியவந்தது. 800-க்கும் மேற்பட்ட மாடல்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அப்படிப்பட்ட ஒரு சாவியின் ரகசியப் பகுதி இணையத்திலும் கசிந்திருந்தது.

இன்னொரு தேதியும் முக்கியம். செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011-ல் வெளியிட்ட சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூனிலிருந்து முடியத் தொடங்குகிறது. புதிய சான்றிதழ்கள் அப்டேட் வழியாகத்தான் வந்து சேரும். அப்டேட்டைத் தள்ளிப்போடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

சர்வீஸ் கடைக்குப் போகும் முன்

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றதும், ‘போர்டு போச்சு’ என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

• லோகோ வந்து, ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறதா? பயாஸ் வேலை செய்கிறது. சிக்கல் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.யிலோ பூட் லோடரிலோ இருக்கும். ஃபார்மேட் செய்யச் சம்மதிக்கும் முன், உள்ளே இருக்கும் ஃபைல்களை எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

• ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறதா? முதலில் ரேமைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

• டெஸ்க்டாப்பில் தேதியும் நேரமும் அடிக்கடி மாறிப்போகிறதா? போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது கடிகாரத்தை ஓட வைப்பதற்கு. அது தீர்ந்தாலும் ஃப்ளாஷ் சிப்பில் உள்ள பயாஸ் அழியாது.

• பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால், உங்கள் மாடலுக்கு உரிய ஃபைலைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீயை முன்பே குறித்துவையுங்கள். பேட்டரி நிறைய இருக்கட்டும், சார்ஜரும் செருகியே இருக்கட்டும். மழை, இடி, கரண்ட் கட் நேரத்தில் டெஸ்க்டாப்பில் இந்த வேலையே வேண்டாம். பாதியில் நின்றால், மாற்று பயாஸ் வசதி இல்லாத போர்டில் சிப்பைத் தனிக் கருவி கொண்டு மீண்டும் எழுத வேண்டியிருக்கும்.