வாஷரில் தண்ணீர் வரவில்லை: பழைய ஃபோர் வீல் வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு

வைப்பர் ஓடவில்லை என்றால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் போய்விடுவோம். வாஷரில் தண்ணீர் வரவில்லை என்றால் மட்டும், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாசக்கணக்கில் விட்டுவிடுவோம். வண்டியில்தான் ஒரு பாட்டில் தண்ணி கிடக்கிறதே, நிறுத்தித் துடைத்துக்கொண்டால் போச்சு என்கிற தைரியம்.

நிறுத்த இடம் கிடைக்காத நேரத்தில்தான் அது தேவைப்படும். சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது, முன்னால் போகும் லாரி சேற்றை இறைக்கிறது, நீங்கள் வைப்பரைத் தட்டுகிறீர்கள். தண்ணீர் இல்லாத வைப்பர் சேற்றைத் துடைக்காது, கண்ணாடி முழுக்கப் பூசிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி பார்வை போனால், வண்டி சுமார் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம். இன்னொரு நஷ்டமும் உண்டு. ரோட்டுப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. உலர்ந்த புழுதிமேல் வைப்பரை ஓட்டினால் கீறல் விழும். எதிர் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சம் இரவில் அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறும்.

ஏன் அடைக்கிறது?

நாசிலின் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அதன் விட்டம் பாதியானால் தண்ணீர் போகும் பரப்பு கால்வாசி ஆகிவிடும். அதனால் கொஞ்சம் படிந்தாலே பீய்ச்சல் ஒழுகலாக மாறிவிடுகிறது.

படிவது என்ன? நம்ம ஊரில் பெரும்பாலும் போர் தண்ணி உப்பு. வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான், கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், சூடு பட்டாலோ தண்ணீர் ஆவியானாலோ கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். இன்ஜின் சூட்டிலும் வெயிலிலும் பானட்மேல் நிற்கும் நாசிலுக்குள் மிஞ்சிய சொட்டு தினமும் காய்கிறது, தினமும் ஒரு மெல்லிய படலம் சேர்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்தால் இன்னும் மோசம். சாதாரண சோப்பு உப்புத்தண்ணியோடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரளும். டேங்க் மூடி உடைந்துபோன பழைய வண்டிகளில் புழுதி நேராக உள்ளே விழும். வெளிச்சம் படும் டேங்கில் பாசியும் பிடிக்கும்.

அடைப்பு எங்கே என்று முதலில் கண்டுபிடிக்கணும்

எடுத்தவுடன் நாசிலில் ஊசியை விடாதீர்கள். என் ஜீப்புக்கு இருபது வயசு தாண்டிவிட்டது. அதில் நான் பின்பற்றும் வரிசை இது:

1. ஒரு பக்க நாசில் மட்டும் வரவில்லையா, இரண்டுமேவா? ஒன்று மட்டும் என்றால் அந்த நாசிலோ அதற்குப் போகும் டியூபோதான். இரண்டும் என்றால் பொதுவான வழியையும் சந்தேகப்படணும்.

2. இன்ஜினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, ஒருவர் சுவிட்சை அழுத்த, இன்னொருவர் டேங்க் பக்கத்தில் காதை வைக்கணும். மோட்டார் சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், கனெக்டர், மோட்டார் என்று போங்கள். அடைப்பைத் தேடிப் பயனில்லை. டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அழுத்துங்கள். வறண்டு ஓடினால் பம்ப் சீக்கிரம் தேயும்.

3. சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. பானட்டைத் தூக்கி, நாசிலின் அடியில் டியூபைக் கழற்றி மறுபடி அழுத்துங்கள். தண்ணீர் வேகமாக அடித்தால் குற்றவாளி நாசில். சொட்டினால் பின்னோக்கிப் போங்கள்: டி ஜாயின்ட், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் சின்ன வால்வு, கடைசியில் டேங்கின் அடியில் பம்ப் முன்னால் இருக்கும் சல்லடை.

பழைய ஃபோர் வீல் வண்டிகளில் பானட் கீல் பக்கம் தனியாக ஒரு பார்வை தேவை. பானட்டைத் தூக்கித் தூக்கி அங்கேதான் டியூப் மடங்கும், சூட்டில் இறுகி வெடிக்கும். கசிவு இருந்தால் அந்த இடத்தில் வெள்ளைக் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

சுத்தம் செய்வது

வெளியிலிருந்து ஊசியால் குத்தினால் படிவு உடைந்து நாசிலுக்குள்ளேயே விழும். இரண்டு நாளில் அதே துண்டு திரும்ப வந்து அடைக்கும். இரும்பு ஊசி பிளாஸ்டிக் துளையை அகலமாக்கிவிடவும் செய்யும். அதனால் நாசிலைக் கழற்றுவது நல்லது. பெரும்பாலும் அடியில் இரண்டு பிளாஸ்டிக் காதுகள் இருக்கும், அமுக்கித் தள்ளணும். பழைய பிளாஸ்டிக் மொறுமொறு என்று ஒடியும். முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினால் இளகும்.

கழற்றியதை வெள்ளை வினிகரில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். குமிழி வந்தால் உப்புப் படிவு கரைகிறது என்று அர்த்தம். குமிழியே வரவில்லையென்றால் அது சேறாகவோ பாசியாகவோ இருக்கலாம். அதற்கு வினிகர் உதவாது, ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீர்தான். கழிவறை கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள், பெயின்ட்டையும் இரும்பையும் தின்றுவிடும்.

ஊறியபின், வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியை மெதுவாக விட்டு அசையுங்கள். பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒரு துண்டு டியூபை மாட்டி, துளைப் பக்கத்திலிருந்து உள்நோக்கித் தண்ணீரைத் தள்ளுங்கள். அழுக்கு வந்த வழியே வெளியேறும். காற்றடிக்கும் கம்ப்ரெஸர் வேண்டுமென்றால் டியூபைக் கழற்றிய பிறகுதான். இல்லையென்றால் எங்கோ மறைவில் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும்.

நாசிலை மாட்டுவதற்கு முன் டேங்கைக் காலி செய்து கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, டியூபின் நுனியை ஒரு பாட்டிலில் விட்டுத் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சுத்தமான நாசிலுக்குப் பழைய அழுக்கே போய்ச் சேரும்.

உருண்டை பொருத்திய நாசில் என்றால், குண்டூசி நுனியால் அதைத் திருப்பித் திசை வைக்கலாம். வண்டி நிற்கும்போது, வைப்பர் துடைக்கும் பரப்பின் நடுவுக்குச் சற்று மேலே விழட்டும். ஓடும்போது காற்று கீழே தள்ளும்.

எந்தத் தண்ணீர்?

உப்பில்லாத தண்ணீர். ஏசி குழாயில் சொட்டுவது ஆவி குளிர்ந்த தண்ணீர், அதில் படிய உப்பு கிடையாது. வடிகட்டிப் பயன்படுத்தலாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரி. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத்தண்ணி மட்டும் வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

வெறும் தண்ணீரைவிட வாஷருக்கென்று விற்கும் திரவம் கலப்பது நல்லது என்பதற்கு ஒரு மருத்துவக் காரணமும் உண்டு. இங்கிலாந்தில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, வாஷர் டேங்கில் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுவோருக்கு லெஜியோனயர்ஸ் என்னும் நுரையீரல் நோயின் ஆபத்து கூடுவதாகக் கண்டது. அந்தக் கிருமி வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் வளரும், தெளிக்கும்போது நுண்துளியாக மூச்சில் போகும். இன்ஜின் பக்கத்தில் வாரக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் நம்ம டேங்குக்கும் இது பொருந்தும்.

வாரம் ஒரு தடவை, வண்டி எடுக்கும்போது இரண்டு பக்கமும் பீய்ச்சுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் மெலிந்தால் அன்றே கழற்றி வினிகரில் போடுங்கள். முழுக்க அடைத்தபின் தோண்டுவதைவிட அது சுலபம்.