கொதிக்க வைத்தாலும் போகாத உப்பு

"கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறம், பிறகென்ன பயம்?" வன்னியில் செய்திக்காகப் போகும் வீடுகளில் நான் அடிக்கடி கேட்பது இது. மீள்குடியேறிய நாளிலிருந்து பலருக்கும் கிணறுதான் குடிநீர் என்பதால், இதற்கு நேரான பதில் தேவை.

கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது கல்சியம் காபனேற்று. சுண்ணாம்புக்கல்லும் அதுதான். அது நீரில் கரையாது என்றே சொல்லலாம். ஆனால் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் மழைநீர், அதை இருகாபனேற்றாக்கிக் கரைத்துவிடும. கொதிக்கும்போது அந்த வாயு வெளியேற, மீண்டும் கல்லாகிறது. இதுவே தற்காலிக வன்மை.

எல்லா உப்பும் இப்படிப் படிவதில்லை. கறியுப்பும் நைத்திரேற்றுகளும் நன்றாகக் கரைபவை. வயலுக்குப் போடும் யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கு வருவது அதனால்தான். புளோரைட்டும் பெரும்பாலும் கரைந்தே நிற்கும். கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகும், இவை மிஞ்சும். துணியில் வடித்தாலும் போகாது.

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை, லீற்றருக்குப் புளோரைட்டு 1.5 மில்லிகிராம், நைத்திரேற்று 50 மில்லிகிராம். அதைத் தாண்டினாலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.

காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பரவியுள்ள மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் ஆய்வாளர்கள் சந்தேகிப்பவற்றில் நீரின் வன்மையும் புளோரைட்டும் உள்ளன.

கொதிக்க வைப்பதை விடவேண்டாம்; அது கிருமியைக் கொல்லும். உப்பைக் குறைக்க ஆர்.ஓ. சுத்திகரிப்பு வேண்டும், அல்லது சுத்தமாகச் சேகரித்த மழைநீர். எது தேவையென்று அறிய, முதலில் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.