மண்ணுக்குள் ஒரு போர்க்களம்!



ஆரணி என்றதும் பட்டுச் சேலையும் தறிச் சத்தமும்தானே நினைவுக்கு வரும்? இதே ஊரில் பீரங்கிச் சத்தமும் கேட்டிருக்கிறது, தெரியுமா?

1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படையும், முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையும் சேர்ந்து, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபை இங்கே தோற்கடித்தன. 1782 ஜூன் 2இல் மீண்டும் ஒரு போர். ஐதர் அலியின் படைப் பொருட்கள் ஆரணிக் கோட்டையில் இருந்தன. அதைப் பிடிக்க வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிடிக்க முடியாமலே திரும்பினார்.

அந்தக் காலத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுடும்போதும் மருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். குண்டு, கோலிக்குண்டு அளவு இருக்கும். நிலத்தை உழும்போது அப்படி ஒன்று கிடைத்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவிடாதீர்கள்!

ஏன்? குண்டு உருண்டையாகவே இருந்தால், சுடும் முன் வீரர் கை தவறி விழுந்திருக்கலாம். நசுங்கியிருந்தால், சுட்டபின் எதிலோ மோதியிருக்கிறது. எது எங்கே கிடந்தது என்று குறித்தால், படை நின்ற இடமும் சுட்ட திசையும் புலப்படும்.

அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876இல் பழங்குடியினருக்கும் அரசுப் படைக்கும் போர் நடந்தது. 1984இல் ஆய்வாளர்கள் அங்கே கிடைத்த ஒவ்வொரு தோட்டாவின் இடத்தையும் வரைபடத்தில் குறித்தார்கள். காலித் தோட்டாக்களில் இருந்த அடையாளத்தை வைத்து, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்றுகூடக் கண்டுபிடித்தார்கள்!

பாவில் இழை அறுந்தால் நெசவாளர் இணைத்துவிடுவார். இடம் குறிக்காமல் எடுத்த குண்டை மறுபடி அதே இடத்தில் வைக்க யாராலும் முடியாது.

ஆபத்தும் உண்டு. ஈயம் நஞ்சு. சில பீரங்கிக் குண்டுகளுக்குள் மருந்து அப்படியே இருக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 1861-65 உள்நாட்டுப் போர்க் காலத்துக் குண்டு ஒன்று 2008இல் வெடித்து, அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் இறந்தே போனார்.

ஆகவே தொடாதீர்கள், தட்டாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்து, பெற்றோரிடம் சொல்லுங்கள். அவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லட்டும். மண்ணில் புதைந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.

பழைய துப்பாக்கிகளைப் பார்க்க ஆசையா? சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் அப்பா, அம்மாவோடு போய் வாருங்கள். நீங்கள் சொன்ன ஒரு குண்டும், நாளை ஆரணியின் வரலாற்றைச் சொல்லலாமே!