டிவிக்கு அடியில் ஒரு குட்டிக் கணினி

நெட்ஃப்ளிக்ஸும் ஜியோஹாட்ஸ்டாரும் மட்டும்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் கணினியே வேண்டாம். டிவியின் பின்னால் செருகும் ஒரு நல்ல கம்பெனி ஸ்டிக் போதும். அந்த ஒரு வேலையைக் கணினியைவிட ஒழுங்காகச் செய்யும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க் நிறையப் பழைய படங்கள், கல்யாண வீடியோக்கள், கச்சேரிப் பதிவுகள் என்று சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும், பெரிய திரையில் பிரவுசரைத் திறந்து நினைத்ததைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கும்தான் இந்த உள்ளங்கை அகலப் பெட்டி.

வாங்கப் போகும்போது எல்லோரும் கேட்பது ஐ5-ஆ, ஐ7-ஆ, ராம் எவ்வளவு என்று. படம் பார்ப்பதற்கு 8 ஜிபி ராம் தாராளம். ஐ5, ஐ7 என்பதைவிட முக்கியமான விஷயம் வேறு இருக்கிறது. அது பெட்டியின் மேல் அட்டையில் எழுதியிருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. 4கே திரையில் 3840-க்கு 2160 என்று மொத்தம் 82,94,400 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட், சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம். பெருக்கினால் விநாடிக்கு ஏறக்குறைய 478 கோடி பிட் வருகிறது. ஆனால் 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு வெறும் 1.5 கோடி பிட். முந்நூறில் ஒரு பங்குகூட வீட்டுக்குள் வருவதில்லை. மிச்சத்தை விநாடிதோறும் கணக்குப் போட்டுத் திரும்ப உருவாக்குவது டிவிக்கு அடியில் இருக்கும் பெட்டியின் பொறுப்பு.

இவ்வளவையும் எப்படிக் குறைக்கிறார்கள்? நம் கண் வெளிச்சத்தைப் பார்க்கிற கூர்மையில் நிறத்தைப் பார்ப்பதில்லை. அதனால் நிறத் தகவலில் நான்கில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை. அதை ஃபிரேமுக்கு ஃபிரேம் அனுப்ப வேண்டியதில்லை, மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். அதற்கும் மிஞ்சியதைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் மெல்ல மாறும் அலைகள், சட்டென்று மாறும் அலைகள் என்று பிரித்து, கண்ணுக்குத் தட்டுப்படாத நுண் அலைகளைக் கழித்துக்கட்டுகிறார்கள். ஹீரோ அறிமுகக் காட்சியில் வண்ணக் காகிதத் துண்டுகள் பறக்கும்போது படம் கட்டம் கட்டமாகக் கலங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு ஃபிரேம் அடுத்த ஃபிரேமைப் போல இல்லை, நுண் அலைகளும் ஏராளம். கணக்கு திணறுகிற இடம் அது.

இப்படி அலைகளாகப் பிரிக்கும் கணிதத்தைக் கொடுத்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, இதை ஆராய நிதி கேட்டு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று அங்கே நினைத்தார்கள், நிதி கிடைக்கவில்லை. அகமது விடவில்லை. மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-ல் கட்டுரையாக வெளியிட்டார். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஜேபெக் புகைப்படத்திலிருந்து இன்றைய 4கே வீடியோ வரை எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கணிதம்தான் ஓடுகிறது.

சுருக்குவதற்கான முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003-ல் ஹெச்.264 வந்தது. 2013-ல் வந்த ஹெச்இவிசி அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் தந்தது. அதே ஆண்டு கூகுளின் விபி9, 2018-ல் ஏவி1. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட நன்றாகச் சுருக்கும், அதற்கேற்ப விரிப்பதற்கும் கூடுதல் கணக்கு கேட்கும். இந்தக் கணக்கைப் பொதுப் பிராசஸரிடம் கொடுத்தால் அது வியர்த்துப்போகும். அதனால் சிப்புக்குள்ளேயே இதற்கென்று தனிச் சுற்று ஒன்றைச் செதுக்கி வைக்கிறார்கள். முறுக்கு அச்சு மாதிரிதான். ஒரே வேலை, ஆனால் அலுப்பில்லாமல் நடக்கும். தேன்குழல் அச்சில் ரிப்பன் பிழிய முடியாது. பழைய சிப்பில் இல்லாத கோடெக்கை எந்த அப்டேட்டாலும் உள்ளே கொண்டுவர முடியாது.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சிப்பில் எந்தெந்த அச்சு இருக்கிறது என்பதுதான். இன்டெல் என்றால் நாலாம் தலைமுறை ஐ7-இல்கூட ஹெச்.264-க்கு மேல் உருப்படியாக ஒன்றும் கிடையாது. ஏழாம் தலைமுறையில் ஹெச்இவிசியின் 10 பிட் வகையும் விபி9-உம் வந்தன. ஏவி1 வேண்டுமானால் பதினொன்றாம் தலைமுறைக்குப் போக வேண்டும். 2023 ஜனவரியில் வந்த என்100 என்ற மலிவு சிப்பில் இவை அத்தனையும் உண்டு. அதன் மின் அளவு 6 வாட். ஓசை இல்லாமல் கூடத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமானதை நான் சொல்ல மாட்டேன். ஏஎம்டியில் ரைசன் 6000 வரிசையிலிருந்து ஏவி1 இருக்கிறது. ஆனால் அங்கே பெயரை நம்பாதீர்கள்: 7530யூ என்று புது எண்ணோடு 2023-ல் வந்த சிப்புக்குள் இருப்பது பழைய சரக்கு, ஏவி1 கிடையாது. ராஸ்பெரி பை 5 சொந்த ஹெச்இவிசி கோப்புகளுக்குச் சரி. யூடியூப் 4கே-வுக்குச் சரிப்படாது. யூடியூப் 1080-க்கு மேல் ஹெச்.264-இல் தருவதில்லை, விபி9, ஏவி1 இரண்டுக்குமே அந்தச் சிப்பில் அச்சு இல்லை.

இப்போது பூட்டு விவகாரம். சந்தா சேவைகள் தங்கள் படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. சிப், இயங்குதளம், பிரவுசர், ஹெச்டிஎம்ஐ வழி, டிவி என்று வரிசையாக ஒவ்வொரு கண்ணியையும் சோதிக்கும். ஒன்று தவறினாலும் தரம் இறங்கிவிடும். விண்டோஸ் கணினியில் நெட்ஃப்ளிக்ஸ் 4கே தெரிய வேண்டுமானால் எட்ஜ் பிரவுசரோ அதன் சொந்தச் செயலியோ வேண்டும், ஹெச்டிசிபி 2.2 என்ற பூட்டு வசதி உள்ள திரையும் வேண்டும். லினக்ஸ் என்றால் 4கே ஆசையை விட்டுவிடலாம். காசு கொடுத்தவனுக்கே மட்டமான படம் காட்டும் இந்த ஏற்பாடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் உண்மை அதுதான். ஸ்டிக்குகளை இந்தப் பூட்டுக்கென்றே சான்றிதழ் வாங்கித் தயாரிக்கிறார்கள். பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். சிலவற்றில் தொழிற்சாலையிலேயே தீங்கு மென்பொருள் ஏறியிருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023-ல் கண்டுபிடித்தார்கள்.

சொந்தப் படங்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 2002-ல் எக்ஸ்பாக்ஸுக்காகப் பிறந்து இன்று 'கோடி' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் போதும். அதில் திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்றும் வசதி உண்டு. முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள். படம் விநாடிக்கு 24 ஃபிரேம், திரை 60 முறை புதுப்பிக்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை வருவதால் ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் நிற்கிறது. கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் வரும் அந்தச் சின்னத் தத்தல் இதனால்தான்.

ஹெச்டிஎம்ஐ 1.4 துளை என்றால் 4கே-வில் விநாடிக்கு 30-க்கு மேல் போகாது, 2.0 வேண்டும். டிவி ரிமோட்டுக்குப் பெரும்பாலான மினி கணினிகள் பணியாது, ராஸ்பெரி பை பணியும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை இலேசாக எண்ண வேண்டாம். மௌஸ் பிடித்துப் படம் போட வேண்டிய பெட்டி ஒரு மாதத்தில் மூலைக்குப் போய்விடும்.

சென்னை ரிச்சி தெருவில் ஆபீஸ்களிலிருந்து வந்த பழைய மினிகள் மலிவாகக் கிடைக்கும். காசு கொடுக்கும் முன் அங்கேயே யூடியூப்பில் ஒரு 4கே வீடியோ போடச் சொல்லுங்கள். படத்தின் மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் எந்தக் கோடெக் ஓடுகிறது, எத்தனை ஃபிரேம் தவறுகிறது என்று காட்டும். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ பகுதியில் 'வீடியோ டிகோட்' கோடு ஏறினால் அச்சு வேலை செய்கிறது. அது தரையில் படுத்திருக்க சிபியூ மட்டும் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டால், கடைக்காரர் ஐ7 என்று எத்தனை முறை சொன்னாலும், அடுத்த பெட்டியை எடுக்கச் சொல்லுங்கள்.