கொடுவாவுக்கு அஷ்டமி நவமி ஆகாது

டீயை ஆறவிடாதீர்கள். கொடுவாவைத் தூண்டிலில் பிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு ஒரு கிளாஸ் டீக்குள் பதில் முடியாது. அதனால் பொறுமையாகவே போவோம்.

தி.நகரில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருவர், பட்டினப்பாக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போனை நீட்டினார். அமெரிக்க ஏரி ஒன்றில் பளபளக்கும் படகில் நின்று ஒருவர் ‘பாஸ்’ மீன் பிடிக்கும் வீடியோ.

“அண்ணே, இவர் வெச்சிருக்கற ராடு பதினெட்டாயிரம் போட்டிருக்கு. வாங்கிடலாமா?”

“எந்த மீனுக்குப்பா?”

“பாஸுக்குத்தான்.”

அந்த பாஸ் நம் கழிமுகத்தில் கிடையாது. ஏரி, குளங்களில் வாழும் நன்னீர் மீன் அது, பூர்விகம் வட அமெரிக்கா. உலகச் சாதனையாகப் பதிவானவை 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒன்றும் 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒன்றும்தான். இரண்டும் ஏறக்குறைய பத்து கிலோ. நம் ஓட்டல் மெனு கார்டில் ‘சீ பாஸ்’ என்று அச்சாகியிருப்பது கொடுவா. அது வேறு குடும்பம், வேறு குணம். ஐம்பது கிலோவைத் தாண்டி வளரக்கூடிய இனம் என்பதால் பத்து கிலோ கொடுவாவைப் பார்த்து மீனவர் யாரும் போன் எடுத்துப் படம் பிடிக்க மாட்டார்.

அமெரிக்கரின் வீடியோவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்று உண்டு. இரண்டு மீனுமே துரத்தி வேட்டையாடுவதைவிட மறைந்திருந்து பாய்வதைத்தான் விரும்பும். மரக்கட்டை, பாறை, பாலத்தூண், அலையாத்தி வேர் என்று ஏதாவது ஒரு மறைவு வேண்டும். நட்டாற்றில் தூரமாக வீசிவிட்டுக் காத்திருப்பவருக்கு வெயில்தான் கிடைக்கும். அதற்கு மேல் அந்த வீடியோ நமக்கு உதவாது. ஏரியில் கடல் ஏறி இறங்குவதில்லை, உப்பு இல்லை, அந்த மீனுக்குச் செவுளில் பிளேடும் இல்லை.

கொடுவா எப்படிப்பட்ட மீன் என்று தெரிந்தால் சாமான் பட்டியல் தானே வந்துவிடும். அதை ஆராய்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில், சாந்தோம் நெடுஞ்சாலையில், அடையாறு முகத்துவாரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ‘சிபா’ என்பார்கள். 1987இல் தொடங்கியது. 1997இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிடவைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தவர்கள் இவர்கள்தான். முட்டுக்காட்டில் இவர்களுக்கு ஒரு ஆய்வு நிலையமும் உண்டு. பேருந்தில் தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

கொடுவா உப்பங்கழியிலும் ஆற்றிலும் வளரும், முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்கும். முதலில் முதிர்வது ஆணாக. சில வருஷம் கழித்து, நான்கைந்து கிலோவைத் தாண்டும் பருவத்தில், பெண்ணாக மாறும். ஆகவே பெரிய கொடுவா என்றால் பெரும்பாலும் பெண். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இப்போது மீனைக் கையில் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் விரலை விட்டால் கடிக்கிற பல் இல்லை. உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அவ்வளவுதான். ஆனால் செவுள் மூடியின் ஓரத்தைத் தொட்டீர்களானால் விரலில் ரத்தம் வந்த பிறகுதான் வலி தெரியும். தூண்டிலில் மாட்டிய கொடுவா தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை இரண்டு பக்கமும் உதறும். அந்த உதறலில் நரம்பு அந்த ஓரத்தில் உரசும். நரம்பு எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் மெல்லியதாக இருந்தால் அந்த நொடியோடு சரி.

அதனால் நான் காசு கொடுக்கச் சொல்வது ராடுக்கு இல்லை, கடைசி மூன்று அடி நரம்புக்கு. ரீலில் பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, 20 பவுண்டு தாங்கும் ரகம் 150 மீட்டர் சுற்றிக்கொள்ளுங்கள். அதே பலமுள்ள சாதாரண தங்கூசி நரம்பில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான் இருக்கும் என்பதால் தூரம் போகும், காற்றிலும் இழுபடாது. ஆனால் உரசலுக்குப் பிரெய்டு தாங்காது. அதன் நுனியில் 40 பவுண்டு ஒற்றை நரம்பை மூன்று அடி அளவுக்கு லீடராகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அந்த லீடரை இரண்டு விரலுக்கிடையில் உருவிப் பாருங்கள். நெருடினால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுங்கள். சோம்பல்பட்டால் அடுத்த மீன், அதுவும் பெரிய மீன், அந்த நெருடலில்தான் அறுத்துக்கொண்டு போகும்.

இரண்டு நரம்பையும் இணைக்கும் முடிச்சுக்குப் பல பெயர்கள், பல சண்டைகள். புதியவருக்கு இரட்டை யூனி போதும். இரண்டு நுனிகளையும் எதிரெதிராக ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டிவையுங்கள். பிரெய்டு நுனியை மடித்து ஒரு வளையம் போட்டு, இரண்டு நரம்பையும் சேர்த்து வளையத்துக்குள்ளாக ஏழெட்டுச் சுற்று சுற்றி இழுங்கள். லீடர் நுனியாலும் அதேபோல, நான்கு சுற்று போதும். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நரம்பு உரசிச் சூடேறினால் முடிச்சிலேயே பலம் போய்விடும். பிறகு இரண்டு முடிச்சும் முட்டிக்கொள்ளும்வரை இழுத்துவிட்டு மிச்சத்தை நறுக்குங்கள். டிவி பார்த்துக்கொண்டே பழகுகிற வேலைதான். இருட்டில், கொசுக்கடியில், கை நடுங்கும்போது கட்ட வருமா என்பதுதான் பரீட்சை.

மற்றதெல்லாம் சட்டென்று சொல்லிவிடலாம். ஏழு அடி ராடு, நடுத்தரத்துக்குச் சற்று மேலான விறைப்பு. 3000 அல்லது 4000 எண் ஸ்பின்னிங் ரீல். ரெண்டும் சேர்ந்து ஐயாயிரம் ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புக்கு ஐயாயிரமும் ஒன்றுதான், ஐம்பதாயிரமும் ஒன்றுதான்.

ரீலின் டிராக்கை, அதாவது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, எவ்வளவு இறுக்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். நரம்பின் பலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வைப்பது வழக்கம். 20 பவுண்டு என்பது ஒன்பது கிலோ. ஆக இரண்டரை கிலோ வைக்கலாம். தராசு வேண்டாம். ஒரு பையில் மொத்தம் இரண்டரை லிட்டர் வரும்படி தண்ணீர் பாட்டில்களைப் போட்டு நரம்பு நுனியில் கட்டித் தூக்குங்கள். பை தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் ரீல் நரம்பை விடத் தொடங்கினால் சரி.

இரைக்கு வருவோம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் உயிருள்ள எறா, இல்லையென்றால் சின்ன மடவை. கலங்கிய நீரில் கொடுவா கண்ணைவிட வாசனையையும் அதிர்வையும்தான் நம்பும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளியும்போது லூர், அதாவது போலி இரை, நன்றாக வேலை செய்யும். மூன்று அடி ஆழத்துக்குள் நீந்துகிற, நாலைந்து அங்குல மின்னோ லூர் ஒன்று, ஈயத்தலை முள்ளில் கோத்த ரப்பர் மீன் சில, இவை போதும். அமெரிக்க பாஸுக்காகச் செய்த லூர்களில் வருகிற முட்களைப் பெரிய கொடுவா நிமிர்த்திவிடும். கழற்றிவிட்டுத் தடித்த முள் போடுங்கள்.

தவளை வடிவ ரப்பர் லூர் வாங்க ஆசையாக இருக்கிறதா? அது விராலுக்கு. பாசி மூடிய ஏரியில் தவளை லூரை மேலாகத் துள்ளவிட்டால் விரால் பாசியைக் கிழித்துக்கொண்டு வரும். வீடியோவில் பார்த்த பாஸ் பிடிக்கு நம் ஊரில் மிக நெருங்கிய உறவு அதுதான். ஒன்று மட்டும், நீர்மட்டத்தில் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால் கீழே தாய் தகப்பன் காவல் இருக்கும். அங்கே போடாதீர்கள்.

இனி காசு கொடுத்து வாங்க முடியாத விஷயம். கழியில் கடல்நீர் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஏறும், அதே அளவு நேரம் வடியும். மறுநாள் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். நீர் ஏறியிருக்கும்போது மடவையும் எறாவும் அலையாத்தி வேர்களுக்குள்ளும் மேட்டுச் சகதியிலும் பரவித் திரியும். கொடுவாவுக்கு அவை எட்டாது. வடியத் தொடங்கியதும் அத்தனையும் குறுகிய ஓடைகள் வழியாக வெளியே வந்தாக வேண்டும். அந்த ஓடைவாயில், ஒரு தூணுக்கோ கல்லுக்கோ பின்னால், ஓட்டத்தை எதிர்நோக்கிக் கொடுவா நிற்கும். தன் பலத்தைச் செலவழிக்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். வடிகிற கடைசி இரண்டு மணி நேரமும், திரும்பி ஏறுகிற முதல் ஒரு மணி நேரமும் முக்கியம். அது அந்தியிலோ விடிகாலையிலோ அமைந்தால் இன்னும் நல்லது. ஓட்டம் நின்றுபோன நேரத்தில் இன்னொரு டீ சொல்லலாம்.

இதற்குச் செயலி எல்லாம் வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் சென்னைக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்கு இருக்கும், ஓட்டமும் பலமாக இருக்கும். அரை நிலா நாட்களில், அதாவது அஷ்டமி நவமியில், ஏற்ற இறக்கம் மிகவும் குறைந்து தண்ணீர் அசைந்தும் அசையாததுமாகக் கிடக்கும். மயிலாப்பூர் மாமா அஷ்டமி நவமியில் எந்தக் காரியமும் ஆரம்பிக்க மாட்டார். கொடுவாவும் அப்படித்தான், காரணம் மட்டும் வேறு.

வீசுவதிலும் ஓட்டம்தான் கணக்கு. தூணுக்கு நேராக வீசாதீர்கள். ஓட்டம் வருகிற பக்கம், தூணுக்கு மேலே வீசி, லூர் தண்ணீரோடு மிதந்து தூணை உரசிக்கொண்டு வரும்படி சுற்றுங்கள். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் பெரும்பாலும் அடி விழும். கொடுவா கடிப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். மேல்மட்டத்தில் நடந்தால் ‘டுப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டதும் பதறி இழுத்தால் வாயிலிருந்தே லூர் வந்துவிடும். நரம்பில் கனம் தெரிந்த பிறகு ஓங்கி இழுங்கள். மீன் எகிறும்போது ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள். நிமிர்த்திப் பிடித்தால் தலை உதறலுக்கு நீங்களே உதவி செய்கிறீர்கள். கரைக்கு வந்ததும் கீழ்த்தாடையைப் பிடியுங்கள், செவுள் பக்கம் கை போகக் கூடாது.

எங்கே போவது? அடையாறு முகத்துவாரம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1967இல் கட்டி 1977இல் உடைந்த பாலத்தின் தூண்களைப் பார்க்கும்போது கொடுவாவுக்கென்றே நட்டுவைத்ததுபோல் இருக்கும். அந்த இடிபாட்டில் ஏறாதீர்கள். ஒரு கரை பிரம்மஞான சபையின் இடம், மறு பக்கம் பூங்கா என்று நிற்பதற்கே இடம் குறைவு. கோடையில் மணல் மூடி வாய் அடைத்துக்கொண்டால் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. சாக்கடை கலக்கிற ஆறு என்பதால் அங்கே பிடித்ததைத் தின்னக் கூடாது என்பது என் தீர்ப்பு. முட்டுக்காடு, கோவளம் கழி நல்லது. அங்கும் வாய் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், உள்ளூர் மீனவர் வலை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் வீசாதீர்கள். அவருக்கு அது சோறு, நமக்கு ஞாயிற்றுக்கிழமை. நகரத்துக்குள்ளேயே கையைப் பழக்க நினைத்தால் சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் தூண்டில் போட வசதி செய்திருந்தார்கள், இப்போதைய நடைமுறையைக் கேட்டுக்கொண்டு போங்கள். கபாலீஸ்வரர் கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவதோடு நிறுத்திக்கொள்வோம்.

பெரிய கொடுவா பெரும்பாலும் பெண் என்று சொன்னேன் அல்லவா. ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டையிடும் உடம்பு அது. இரண்டு மூன்று கிலோ மீன் ஒரு வீட்டுக் குழம்புக்குத் தாராளம். ஐந்து கிலோவுக்கு மேல் வந்தால் ஈரக்கையால் பிடித்து, ஒரு படம் எடுத்துவிட்டு, தலையை ஓட்டத்துக்கு எதிராகக் காட்டித் தண்ணீரிலேயே பிடித்திருங்கள். வாலை அடித்துத் தானே கிளம்பும்வரை விடாதீர்கள். வெட்டிப்போட்ட நரம்புத் துண்டுகளையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கழியில் மேயும் கொக்கு, நாரைகளின் காலில் சுற்றிக்கொள்வது அதுதான்.

எதுவும் வாங்குவதற்கு முன்னால் ஒரு அமாவாசைக்கு அடுத்த நாள், நீர் நன்றாக வடிந்த நேரத்தில், வெறுங்கையோடு முட்டுக்காடு போய் நில்லுங்கள். ஏற்றத்தில் மூழ்கிக் கிடக்கும் கல், பள்ளம், ஓடைவாய் எல்லாம் அப்போது வெளியே தெரியும். போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, ராடு கடைக்கு அப்புறம் போகலாம்.