நீந்து... மிதி... ஓடு!

எட்டரை மணி கிளாஸுக்கு எட்டு பத்துக்கு எழுந்து, பாதி இட்லியை வாயில அடைச்சுக்கிட்டு பஸ்ஸைத் துரத்துற பார்ட்டியா நீங்க? அப்போ உங்களுக்கு ஓட்டம் ஏற்கெனவே பழக்கம். மிச்சம் நீச்சலும் சைக்கிளும்தான். இந்த மூணையும் நடுவுல ஒரு டீ பிரேக்கூட இல்லாம அடுத்தடுத்து செஞ்சு முடிச்சா, அதுக்குப் பேர் டிரையத்லான்.

பேரைக் கேட்டதுமே, 'அதெல்லாம் அயர்ன்மேன் ஆளுங்க சமாச்சாரம்ப்பா'னு ஒதுங்கிடாதீங்க. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் ஒரு முழு மாரத்தான்... இதுதான் அயர்ன்மேன். அது பி.ஹெச்டி. நமக்கு எல்.கே.ஜி போதும். 'ஸ்பிரின்ட்' டிரையத்லான்னு ஒண்ணு இருக்கு. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இதை அப்படியே டபுள் பண்ணினா ஒலிம்பிக் தூரம்: 1.5, 40, 10. சில இடங்கள்ல ஸ்பிரின்ட்டைவிடச் சின்ன தூரமும் வைப்பாங்க.

இந்த விளையாட்டு பிறந்த கதையே செம காமெடி. 1974-ல அமெரிக்காவுல சான் டியாகோவுல ஓட்டக்காரங்க சிலர், ஓடி ஓடி போரடிச்சு, கூடவே நீச்சலையும் சைக்கிளையும் சேர்த்துப் பார்த்தாங்க. சில வருஷம் கழிச்சு ஹவாய்ல ஒரு சண்டை: 'யார் ரொம்ப ஃபிட்? நீச்சல்காரனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா?' ஜான் காலின்ஸ்னு ஒரு கடற்படை அதிகாரி, 'மூணையும் ஒரே நாள்ல வெச்சுப் பார்த்துடுவோம்'னு கிளம்பிட்டார். 1978 பிப்ரவரியில நடந்த அந்த முதல் அயர்ன்மேன்ல கிளம்பினது 15 பேர், முடிச்சது 12 பேர். முன்னாடி ஓடிக்கிட்டிருந்த ஜான் டன்பார்ங்கிறவருக்குக் குடிக்கத் தண்ணி தீர்ந்துபோக, கூட வந்த கோஷ்டி பீரை நீட்டியிருக்கு. அப்புறம் என்ன... கார்டன் ஹாலர் முந்திட்டார். அவர் எடுத்துக்கிட்ட நேரம் 11 மணி 46 நிமிஷம் 58 செகண்ட். 2000-ல சிட்னியில டிரையத்லான் ஒலிம்பிக்ஸுக்குள்ளேயே நுழைஞ்சிடுச்சு.

சரி, ஹவாயை விடுங்க. சென்னையில ஹாஸ்டல் மெஸ் சாம்பாரை நம்பி வாழற நாம எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

நீச்சல்லேர்ந்து ஆரம்பிங்க. ஏன்னா நம்மள்ல நிறைய பேருக்கு ஓடத் தெரியும், சைக்கிள் ஓட்டத் தெரியும், நீச்சல் மட்டும் தெரியாது. கிணத்துல குதிச்ச தைரியத்துல, 'எனக்குத் தெரியும் மச்சி'னு சொல்றவங்களும் 50 மீட்டர் குளத்துல இறக்கிவிட்டா பாதியில கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. காரணம் தம் இல்லாதது இல்லை, டெக்னிக். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சிருக்கிற மக்களே, இங்கே கொஞ்சம் கவனிங்க. தண்ணியோட அடர்த்தி காத்தைவிட சுமார் 800 மடங்கு. வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா, தண்ணி நம்மளைத் தடுக்கிற விசை ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். அதனால கையை வேகமா வீசறவனைவிட, உடம்பைத் தண்ணிக்கு இணையா நேரா வெச்சுக்கிறவன்தான் முன்னாடி போவான். தலையைத் தூக்கினா இடுப்பு கீழே இறங்கும். இடுப்பு இறங்கினா நீங்க நீந்தலை, தண்ணிக்குள்ள மாடிப்படி ஏறுறீங்க. மூச்சைத் தண்ணிக்குள்ளேயே மெதுவா விட்டுடணும். தலையைத் திருப்பும்போது இழுக்க மட்டும்தான் நேரம் இருக்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுட்டா பாதி கிணறு தாண்டின மாதிரி. (தாண்டறதா நீந்தறதானு கேட்காதீங்க!)

குளத்துக்கு எங்கே போறது? 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில கட்டின நீச்சல் வளாகம் இருக்கு. அரசு விளையாட்டு ஆணையத்தோடது, 50 மீட்டர் குளம். 15 தடவை நீளவாக்குல நீந்தினா ஸ்பிரின்ட் தூரம் முடிஞ்சது. பீச் ரோட்டுல மாநகராட்சியோட மெரினா நீச்சல் குளம் இருக்கு. பேட்ச் நேரம், கட்டணம், பெண்களுக்குத் தனி நேரம் உண்டானு நேர்ல போய்க் கேட்டுடுங்க. ஜீன்ஸ், காட்டன் டி-ஷர்ட் போட்டா இறங்க விடமாட்டாங்க. முழங்கால் வரைக்கும், முழுக்கை வரைக்கும் மூடுற நீச்சல் உடை கடைகள்ல கிடைக்குது. அதனால, 'என்ன போட்டுக்கிட்டு இறங்கறது'ங்கிற தயக்கத்துல நிக்கிற தோழிகள் தாராளமா இறங்கலாம்.

இப்போ கொஞ்சம் சீரியஸ். குளத்துல 750 மீட்டர் அடிச்சுட்டோம், அடுத்து கடல்தானேனு நாலு பேர் சேர்ந்துக்கிட்டு மெரினாவுல இறங்கிடாதீங்க. ப்ளீஸ். மெரினாவுல குளிக்கவே போலீஸ் தடை இருக்கு. அது சும்மா போட்ட தடை இல்லை. நாலடி தள்ளினா கால் எட்டாது, அலை திரும்பும்போது உள்ளே இழுக்கும். காலேஜ் கட் அடிச்சுட்டு கடல்ல இறங்கி, திரும்பி வராத பசங்களைப் பத்தி பேப்பர்ல நாம எத்தனை தடவை படிச்சிருக்கோம்! அதுல நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களும் இருந்திருக்காங்க. உள்ளே இழுக்கிற நீரோட்டத்துல மாட்டினா, கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தினால் கை ஓய்ஞ்சுடும். கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பணும். தெம்பு இல்லைன்னா மிதந்துக்கிட்டே கையைத் தூக்கி உதவி கேட்கணும். இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிறது வேற, அதை நம்பி இறங்கறது வேற. கடல் நீச்சல் பழகணும்னா பயிற்சியாளர், உயிர்காப்பாளர், பக்கத்துல ஒரு படகு, இடுப்புல கட்டுற கலர் மிதவை... இவ்வளவும் இருந்தா மட்டும்தான். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், வடகிழக்குப் பருவமழை நேரத்துல, கடலை மறந்துட்டு குளத்தோட நின்னுக்கலாம்.

போட்டியில நீந்தும்போது பயம் வந்தா? விதியே உங்க பக்கம். எந்த ஸ்டைல்ல வேணும்னாலும் நீந்தலாம். மூச்சு வாங்கினா மிதவையையோ, நிக்கிற படகையோ பிடிச்சுக்கிட்டு ஓய்வெடுக்கலாம், அதைப் பிடிச்சு முன்னாடி நகரக்கூடாது, அவ்வளவுதான்.

சைக்கிளுக்கு வருவோம். லட்ச ரூபாய் டிரையத்லான் பைக்கைப் பார்த்து ஏங்க வேண்டாம். பிரேக் ஒழுங்கா பிடிக்கிற, கியர் ஒழுங்கா மாறுற எந்த சைக்கிளும் ஸ்பிரின்ட்டுக்குப் போதும். செகண்ட்ஹேண்ட் ஹைப்ரிட் சைக்கிள் இருந்தா ராஜாதான். ஆனா ஹெல்மெட்ல கஞ்சத்தனம் கூடாது. போட்டியில ஸ்டாண்டுலேர்ந்து சைக்கிளை எடுக்கறதுக்கு முன்னாடியே ஹெல்மெட் பக்கிள் மாட்டியிருக்கணும், இல்லைன்னா பெனால்ட்டி. சென்னையில சைக்கிள்காரங்களோட கோயில் ஈ.சி.ஆர். ஞாயித்துக்கிழமை விடியற்காலையில போய்ப் பாருங்க, கும்பல் கும்பலா போவாங்க. திருவான்மியூர்லேர்ந்து முட்டுக்காடு போய்த் திரும்பினா ஏறக்குறைய 40 கிலோமீட்டர், அதாவது ஒலிம்பிக் தூரம். ஆனா அதே ரோட்டுலதான் வீக்எண்ட் கார் பார்ட்டிகளும் பறக்கும். தனியா போகாதீங்க. பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம். ஏழு மணிக்குள்ள வீடு திரும்பிடுங்க. இயர்போனா? ரோட்டுலயும் வேணாம், போட்டியிலயும் அனுமதி இல்லை.

ஓட்டத்தைப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்லை. நல்ல ஷூ, பெசன்ட் நகர் பீச் ரோடு, அதிகாலை அஞ்சரை மணி. ஒரே ஒரு விஷயம், சைக்கிள்லேர்ந்து இறங்கினதும் ஓடிப் பாருங்க. கால் உங்களோடதானானு சந்தேகம் வரும். இதுக்குன்னே வாரத்துக்கு ஒருநாள் சைக்கிள் முடிச்ச கையோட பத்து நிமிஷம் ஓடிப் பழகணும். 'பிரிக்' பயிற்சினு பேர், காலும் செங்கல் மாதிரிதான் கனக்கும். அப்புறம் நம்ம ஊர் புழுக்கம்... காத்துல ஈரம் ஜாஸ்திங்கிறதால வேர்வை காயாது, வேர்வை காயலைன்னா உடம்பு குளிராது. தண்ணியோட உப்பும் சேர்த்துக் குடிங்க. தலை சுத்தினா, குளிர் எடுத்தா உடனே நிறுத்திடுங்க.

போட்டி எங்கே கிடைக்கும்? உள்ளதைச் சொல்லணும்னா, சென்னையில மாரத்தான் அளவுக்கு டிரையத்லான் கிடையாது. கடல், ரோடு ரெண்டுக்கும் அனுமதி வாங்கி, பாதுகாப்பு கொடுத்து நடத்தறது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால துண்டு துண்டா ஆரம்பிங்க. ஜனவரியில நடக்கிற சென்னை மாரத்தான்ல 10 கிலோமீட்டர் பிரிவு இருக்கு. 'சென்னை ரன்னர்ஸ்' மாதிரி குழுக்களுக்குப் பல ஏரியாவுல கிளை உண்டு. 'மெட்ராஸ் ராண்டனர்ஸ்' மாதிரி சைக்கிள் குழுக்கள் நீண்ட தூரப் பயணம் நடத்தறாங்க. இந்தக் கூட்டத்துல ரெண்டு மாசம் ஒட்டிக்கிட்டா, எங்கே டூயத்லான், எங்கே குளத்துலயே வைக்கிற டிரையத்லான்னு தகவல் தானா வரும். மாநில அளவுல போகணும்னா தமிழ்நாடு டிரையத்லான் சங்கத்தோட தேர்வுப் போட்டிகளைக் கவனிங்க. பெரிய கனவுன்னா கோவா. 2019-லேர்ந்து அங்கே பாதி அயர்ன்மேன் நடத்த ஆரம்பிச்சாங்க. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். 18 வயசு ஆகியிருக்கணும், ஃபீஸும் ஐந்து இலக்கத்துல வரும்!

காசு இல்லையா? ரிலே பிரிவு வைக்கிற போட்டியா தேடுங்க. ஒருத்தர் நீந்த, ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் ஓடன்னு கட்டணத்தை மூணாப் பிரிச்சுக்கலாம்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி அமைப்பாளர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. தண்ணியில எத்தனை உயிர்காப்பாளர், எத்தனை படகு? ஆம்புலன்ஸ் எங்கே நிக்கும்? சைக்கிள் ரோட்டுல வண்டிகளை நிறுத்துவாங்களா? அலை அதிகமா இருந்தா நீச்சலை ரத்து பண்ணுவாங்களா? பதில் மழுப்பலா வந்தா, டி-ஷர்ட்டும் மெடலும் எவ்வளவு அழகா இருந்தாலும் அந்தப் போட்டியை விட்டுடுங்க. பதில் தெளிவா வந்தா, போட்டித் தேதியிலேர்ந்து பன்னிரண்டு வாரம் பின்னாடி எண்ணி, செமஸ்டர் எக்ஸாம் நடுவுல வரலையேனு பார்த்துட்டு பேரைக் கொடுங்க. வாரத்துக்கு ரெண்டு நீச்சல், ரெண்டு சைக்கிள், ரெண்டு ஓட்டம். ஏழாவது நாள் மட்டும் எட்டு பத்துக்கு எழுந்துக்கலாம்.